ஏர்க்காலை வெட்டும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு மலரில், வீட்டிலேயே டியர்டிராப் டிரெய்லர், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப்போய் உள்ளே படுத்துக்கொள்ளும் குட்டி வண்டி, கட்டுவது பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இப்படி ஒரு விஷயத்துக்குத் தமிழில் முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. பிளைவுட் அறுப்பது, மழைத் தண்ணீர் இறங்காமல் ஓரங்களை அடைப்பது எல்லாம் நன்றாகவே சொல்லப்பட்டிருந்தன. ஆனால் கட்டுரையோடு வந்த படத்தில், டிரெய்லருக்கு முன்னால் நீளும் இரும்புக்குப் பக்கத்தில் "24 அங்குலம் போதும், இரும்பும் மிச்சம், கராஜிலும் அடங்கும்" என்று போட்டிருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அதை நம்பி யாராவது இரும்பை வெட்டிவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கிட்டத்தட்ட அதே கணக்கில் நானும் வெட்டினேன்.

எனக்குச் சொந்த ஊர் கரூர். அப்பா பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தவர். நான் மிச்சிகனில் கிராண்ட் ராபிட்ஸுக்கு வந்து பல வருஷங்கள் ஆகின்றன. இங்கே கோடை வந்துவிட்டால் ஏரிக்கரைக்குக் கூடாரத்தோடு கிளம்பிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு ராத்திரி முழுக்கக் கூடாரத்துக்குள் தண்ணீர் ஏறியபோது, தரையில் படுப்பது இனி வேண்டாம் என்று முடிவு செய்தேன். அப்படித்தான் டியர்டிராப் கட்ட ஆரம்பித்தேன்.

அந்தக் கட்டுரையைப் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. டியர்டிராப்பைப் பக்கவாட்டில் பார்த்தால் தண்ணீர்த் துளி படுத்துக் கிடப்பதுபோல முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்திருக்கும். அமெரிக்காவில் 1930களிலிருந்தே ஆட்கள் தாங்களாகவே கட்டிக்கொள்ளும் வண்டி இது. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், நிற்க முடியாது. பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை. பிளைவுட் பலகை 4 அடிக்கு 8 அடியாகக் கிடைப்பதால் பெரும்பாலும் பக்கச் சுவரும் அதே 8 அடி நீளம், 4 அடி உயரம்தான். என்னுடையதும் அப்படியே, அகலம் மட்டும் 5 அடி.

இந்த வண்டியின் முன்னால் நீண்டு, காரின் பின்னால் இருக்கும் இரும்புப் பந்தில் போய்ப் பூட்டுகிற இரும்பை இங்கே நாக்கு என்கிறார்கள். எனக்கு அது ஏர்க்கால்தான். மாட்டு வண்டியில் நுகத்தடியில் போய் முடிகிற அதே ஏர்க்கால். இந்தக் கடிதம் முழுக்க அப்படியே எழுதுகிறேன்.

நான் முதலில் வைத்த ஏர்க்கால் 28 அங்குலம். பந்தின் நடுவிலிருந்து டிரெய்லரின் முன்சுவர் வரை உள்ள அளவு அது. காரணம் உங்கள் கட்டுரையில் சொன்னதேதான்: கராஜில் ஏற்கெனவே புல்வெட்டி, சைக்கிள்கள், குழந்தைகளின் பனிச்சறுக்குப் பலகை எல்லாம் நிற்கின்றன. ஒவ்வொரு அங்குலமும் முக்கியமாகத் தெரிந்தது.

முதல் பயணம் லடிங்டன் ஸ்டேட் பார்க்குக்கு. ஒரு பக்கம் மிச்சிகன் ஏரி, இன்னொரு பக்கம் ஹாம்லின் ஏரி, நடுவில் மணல்மேடும் மரங்களும். போய்ச் சேரும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. எங்களுக்குக் கொடுத்த இடம் வளைவில் இருந்ததால், வேனைப் பின்னுக்கு எடுத்து, டிரெய்லரை மரங்களுக்கு நடுவில் நுழைக்க வேண்டும். நான் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம்தான் ஒடித்தேன். டிரெய்லர் சட்டென்று முழுக்கத் திரும்பிக்கொண்டது. என் மனைவி "நிறுத்துங்க, நிறுத்துங்க, இடிக்குது!" என்று கத்துவதற்கும் அந்தச் சத்தம் கேட்பதற்கும் சரியாக இருந்தது. இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். வேனின் வலது பின்விளக்கு சிதறியிருந்தது. டிரெய்லரின் முன்மூலையில், நானும் என் மகளும் மூன்று வாரம் உட்கார்ந்து வளைத்து ஒட்டிய அலுமினியத் தகடு, உள்ளங்கை அளவுக்குப் பள்ளமாகி மடிந்திருந்தது. மகள் அந்த மடிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டாள்.

ஓட்டத் தெரியாததுதான் தவறு என்று அன்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தபோதுதான், எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் அந்த நீளத்தில் அது இடிக்கவே செய்யும் என்று புரிந்தது. எங்கள் வேனின் அகலத்தில் பாதி 39 அங்குலம். பந்து, பம்பருக்கு 10 அங்குலம் பின்னால் இருக்கிறது. 28 அங்குல ஏர்க்காலோடு கணக்குப் போட்டால், டிரெய்லர் 60 டிகிரி திரும்புவதற்குள்ளேயே அதன் முன்சுவர் வேனின் மூலையைத் தொட்டுவிடுகிறது. பின்னுக்கு எடுக்கும்போது 60 டிகிரி என்பது கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். உங்கள் படத்தில் இருக்கும் 24 அங்குலத்தில் அதற்கும் முன்பே முட்டும்.

இன்னொன்றும் உண்டு. டிரெய்லரின் சக்கர அச்சுக்கும் பந்துக்கும் இடையே உள்ள தூரம் குறையக் குறைய, பின்னுக்குத் தள்ளும்போது டிரெய்லர் அவ்வளவு வேகமாகத் திரும்பும். நீளம் கூடினால் நிதானமாகத் திரும்பும், திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். ஆக, குட்டை ஏர்க்கால் சீக்கிரம் திரும்பவும் செய்கிறது, திரும்பினால் இடிக்கவும் செய்கிறது.

இதற்கு நான் கண்ட வழியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கட்டப் போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்து பாருங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. காரைச் சமதளமான சிமெண்ட் தரையில் நிறுத்துங்கள். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் நூலில் ஒரு நட்டைக் கட்டிக்கொண்டாலும் சரி. பந்தின் நடுவிலிருந்து குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு புள்ளி வையுங்கள். அப்புறம் காரின் பின்மூலையில், வெளியே அதிகமாகத் தள்ளி நிற்கிற இடத்திலிருந்து குண்டு விட்டு இன்னொரு புள்ளி. முதல் புள்ளியில் நூலைப் பிடித்து, இரண்டாவது புள்ளி வரை நீட்டி, அந்த நீளத்தில் பின்பக்கமாக ஒரு வட்டம் இழுங்கள். டிரெய்லரின் உடம்பு முழுக்க அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தால், செங்கோணம் வரை திரும்பினாலும் எதுவும் எதையும் தொடாது. அவ்வளவுதான் கணக்கு.

எங்கள் வேனுக்கு அந்த நூலின் நீளம் 40 அங்குலத்துக்குச் சற்று மேல் வந்தது. மகள்தான் பந்தடியில் நூலைப் பிடித்துக்கொண்டாள், நான் வட்டம் இழுத்தேன். அந்தச் சாக்பீஸ் கோடு ஒரு மழை வரும் வரை எங்கள் வாசலில் இருந்தது. டியர்டிராப்பின் முன்பக்கம் வயிறுபோலப் புடைத்திருப்பதால், அளவைச் சட்டகத்திலிருந்து எடுக்காமல் அந்தப் புடைப்பிலிருந்து எடுக்க வேண்டும்; இதை மறந்தால் மூன்று நான்கு அங்குலம் போய்விடும். காருக்குக் கார் இந்த வட்டம் மாறும். அதனால்தான் பொதுவாக ஒரு எண்ணைப் படத்தில் போடுவது சரியில்லை என்கிறேன்.

வட்டம் போட்ட பிறகு பின்கதவையும் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வேனில் கதவு மேலே தூக்கித் திறக்கும். டிரெய்லர் பூட்டியிருக்கும்போது, ஏர்க்கால் மேல் நிற்கிற ஜாக்கியின் கைப்பிடி கதவின் அடிவிளிம்பில் உரசியது. பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் மோசம், அதன் கதவு கீழே விழுந்து திறக்கும். சாப்பாட்டுப் பையை எடுக்க ஒவ்வொரு முறையும் டிரெய்லரைக் கழற்ற முடியாது இல்லையா?

எல்லாம் சேர்த்துப் பார்த்து 48 அங்குலம் என்று முடிவு செய்தேன். இங்கே ஒரு வெல்டிங் கடையில் கேட்டபோது, ஏர்க்காலாக இருந்த பழைய இரும்பு டியூபின் முனையில் 20 அங்குலத் துண்டு ஒன்றைச் சேர்த்துப் பற்றவைத்துவிடலாம், ஒரு மணி நேர வேலை என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பந்தின் மேல் இறங்குகிற பாரமும் ரோட்டுக் குழியில் விழும் அடியும் சேர்ந்து மேலும் கீழுமாக வளைத்துக்கொண்டே இருக்கிற இரும்பு அது. ஏர்க்கால் நீள நீள, சட்டகத்தின் முன்குறுக்குச் சட்டத்தில் அது போய்ச் சேரும் இடத்தில் வளைவின் அழுத்தம் கூடும். ஒட்டுப்போட்ட இரும்பை அந்த வேலைக்கு விடக் கூடாது.

புதிதாக ஒரே டியூப் வாங்கினேன். முன்பு இருந்தது 2 அங்குலச் சதுர டியூப், 1/8 அங்குலக் கனம். இப்போது 3க்கு 2, கனம் 3/16. 3 அங்குலப் பக்கம் நெட்டுக்குத்தாக நிற்கும்படி வைத்தேன். வளைவைத் தாங்கும் திறன் பழையதைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அது முன்குறுக்குச் சட்டத்தோடு நிற்காமல் வண்டிக்கு அடியில் அச்சு வரை ஓடுகிறது. முன்னால் 48, உள்ளே 56, மொத்தம் 104 அங்குலம், நடுவில் ஒட்டே இல்லை. டியூபின் மேல்முகத்திலும் அடிமுகத்திலும் ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. விரிசல் விடுவது முதலில் அங்கேதான். அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். பற்றவைத்த இடத்தைப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி, கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "பரவாயில்ல" என்றார். பட்டறையில் அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு வார்த்தையை யாரும் வாங்கியதில்லை.

இதோடு வேலை முடிந்தது என்று நான் நினைத்ததுதான் பெரிய தவறு. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்ததே இனிமேல்தான்.

ஜூலையில் நெடுஞ்சாலை 131இல் வடக்கே போய்க்கொண்டிருந்தோம். கேடிலாக் தாண்டி ஓர் இறக்கம். மணிக்கு 65 மைலில் ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டியது. அதன் காற்று தள்ளியதும் டிரெய்லரின் வால் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, அடுத்த இரண்டு வினாடியில் வேனின் பின்பக்கத்தையே பிடித்து உலுக்குவதுபோல. கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லரின் இடது சக்கரம் தெரிகிறது, அடுத்த நொடி வலது சக்கரம் தெரிகிறது. பிரேக்கை மிதிக்காமல், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பாமல், ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தேன். 50 மைலுக்கு வந்த பிறகு ஆட்டம் அடங்கியது. ஓரமாக நிறுத்தினேன். பின்சீட்டில் மகள் சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று இரவு கேம்ப்பிலிருந்து அப்பாவுக்குப் பேசினேன். நடந்ததைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏர்க்கால நீட்டுனியே, பாரத்த முன்னாடி தள்ளி வச்சியா?"

என் தாத்தா வேலாயுதம்பாளையம் பக்கம் மாட்டு வண்டி ஓட்டியவர், புகளூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போவார். முன்பாரம், பின்பாரம் என்ற சொற்கள் அந்த வண்டிக்காரர்களுக்கு மூச்சு மாதிரி. முன்பாரமாகிவிட்டால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரமானால் ஏர்க்கால் மேலே தூக்கிக்கொண்டு பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அதனால் வண்டியை எடுக்கும் முன் தாத்தா ஏர்க்காலை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். லேசாகக் கனக்க வேண்டும். தூக்கவே முடியாமலும் இருக்கக் கூடாது, தானாக மேலே எழும்பவும் கூடாது. சின்ன வயதில் நானும் அந்த ஏர்க்காலைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் மிச்சிகனில் வண்டி கட்டும்போது அது நினைவுக்கு வரவில்லை.

வட அமெரிக்காவில் இதற்கு எல்லோரும் சொல்லும் கணக்கு, டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் பந்தின் மேல் இறங்க வேண்டும் என்பது. 10க்குக் கீழே போனால் வால் ஆடும். பிரிட்டனில் கேரவன் இழுப்பவர்களுக்கு 5 முதல் 7 சதவீதம் என்று சொல்கிறார்கள். அங்கே இழுக்கும் வேகம் குறைவு, கார்களின் பந்துக்கு அனுமதித்த எடையும் குறைவு. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு இங்கே 65, 70 மைலில் ஓட்டக் கூடாது.

என் வண்டியின் கணக்கை அப்படியே வைக்கிறேன். படுக்கை, பாத்திரம், ஐஸ் பெட்டி எல்லாம் ஏற்றி 1,200 பவுண்டு, கிலோவில் 545 இருக்கும். லாரிகள் நிற்கும் இடத்து எடைமேடையில் ஏற்றிப் பார்த்தது. பாரத்தின் மையம் அச்சுக்கு 10 அங்குலம் முன்னால் இருக்கிறது. அச்சிலிருந்து முன்சுவர் 56 அங்குலம். பழைய 28 அங்குல ஏர்க்காலில் பந்துக்கும் அச்சுக்கும் நடுவே 84 அங்குலம். 1,200ஐப் பத்தால் பெருக்கி 84ஆல் வகுத்தால் 143 பவுண்டு, அதாவது 12 சதவீதம். நல்ல எண். ஏர்க்காலை 48 ஆக்கியதும் அதே தூரம் 104 ஆகிவிட்டது. அதே பாரம், அதே அச்சு. ஆனால் 104ஆல் வகுத்தால் 115 பவுண்டுதான். 9.6 சதவீதம். கிணற்று ஏற்றத்தில் துலா நீளமாக இருந்தால் முனையில் கை வைப்பவருக்குக் கனம் குறைவாகத் தெரியுமே, அதுதான் இங்கும். மூலை இடிக்காமல் இருக்க நான் செய்த வேலையே வாலை ஆட வைத்தது.

தீர்வு எளிதாக இருந்தது. 50 பவுண்டு பேட்டரியைப் பின்னால் சமையல் மேடைக்கு அடியில், அச்சுக்கு 30 அங்குலம் பின்னால் வைத்திருந்தேன். அதை எடுத்து ஏர்க்கால் மேல் ஒரு பெட்டி அடித்து, முன்சுவருக்கு ஓர் அடி முன்னால் வைத்தேன். பின்னால் 30, முன்னால் 68, ஆக பேட்டரி நகர்ந்த தூரம் 98 அங்குலம். 50ஐ 98ஆல் பெருக்கி 104ஆல் வகுத்தால் 47. பந்தின் மேல் இறங்கும் எடை 115லிருந்து 162 ஆனது. 13.5 சதவீதம். பந்தைத் தாங்குகிற வேனின் கொக்கிக்கு அனுமதித்த அளவுக்குள்ளேயும் இருக்கிறது. அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும், கொக்கியிலேயே எழுதியிருக்கும்.

கணக்கு வராதவர்கள் பயப்பட வேண்டாம். வீட்டில் எடை பார்க்கும் மெஷினே போதும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டியை மட்டமாக நிறுத்தி, பந்து இருக்கும் உயரத்துக்கு ஒரு மரத்துண்டை வெட்டி மெஷின் மேல் நிறுத்தி, அதன் மேல் கப்ளரை, அதாவது பந்தில் பூட்டுகிற ஏர்க்கால் முனையை, இறக்குங்கள். மெஷின் காட்டுவதிலிருந்து மரத்துண்டின் எடையைக் கழித்தால் முன்பாரம். ஆனால் காலி வண்டியில் பார்த்துப் பிரயோஜனமில்லை. தண்ணீர், ஐஸ், படுக்கை எல்லாம் பயணத்துக்கு ஏற்றுகிற மாதிரியே ஏற்றி அளக்க வேண்டும். டியர்டிராப்பில் சமையலறை பின்னால் இருப்பதால் நாம் ஏற்றுகிற கனமெல்லாம் பின்பாரம். ஐஸ் பெட்டியை 50 பவுண்டுக்கு நிறைத்து அச்சுக்கு 30 அங்குலம் பின்னால் வைத்தால், முன்னால் 14 பவுண்டு குறைந்துவிடும்.

அப்படியானால் இன்னும் நீளமாக, 6 அடிக்கு வைக்கலாமா என்று என்னைக் கேட்டவர்களும் உண்டு. வேண்டாம் என்றுதான் சொல்வேன். திருப்பத்தில் டிரெய்லரின் சக்கரம் உள்பக்கமாக அறுத்துக்கொண்டு போகும், மரத்தையோ கம்பத்தையோ பிடிக்கும். இரும்பும் அதற்கேற்ற கனத்தில் போட வேண்டும். நூல் வட்டத்துக்கு வெளியே, கதவு திறக்கிற அளவுக்கு, முன்னால் ஒரு பெட்டி வைக்கிற அளவுக்கு. அதற்கு மேல் தேவையில்லை. கராஜில் இடம் இல்லாதவர்கள், ஏர்க்காலைக் குட்டையாக்குவதற்குப் பதிலாக முனையை மடக்கும் கீல் வாங்கலாம். உங்கள் வண்டியின் எடைக்கு ஏற்றதா என்று பார்த்து வாங்க வேண்டும். நான் புல்வெட்டியை வெளியே ஒரு கூரைக்குக் கீழ் மாற்றிவிட்டேன்.

செப்டம்பரில் மேக்கினா பாலத்தைக் கடந்தோம். மிச்சிகனின் இரண்டு நிலப்பகுதிகளையும் சேர்க்கும் பாலம், 1957இல் திறந்தது, ஏறக்குறைய 5 மைல் நீளம். உள்தடத்தில் தார் கிடையாது, இரும்புக் கம்பிவலை. கீழே தண்ணீர் தெரியும். அன்று பக்கக் காற்று பலமாகத்தான் இருந்தது. 45 மைலில் போனேன். கண்ணாடியில் டிரெய்லரின் இரண்டு சக்கரங்களும் கடைசி வரை தெரியவே இல்லை. நடுப்பாலத்தில் மகள் திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, ஆடவே இல்ல" என்றாள்.

ஆசிரியரிடம் என் வேண்டுகோள் இது. அந்தப் படத்தை எடுத்து, 24 என்ற எண்ணை நீக்கிவிட்டு, "உங்கள் காரின் பின்மூலை வரை நூல் பிடித்து, அதற்கு மேல்" என்று திருத்தி மறுபடி வெளியிடுங்கள். பக்கத்திலேயே "ஏர்க்காலை நீட்டினால் முன்பாரத்தை மறுபடி அளக்கவும்" என்று ஒரு வரி சேருங்கள். என் அளவுகளையும் நான் வரைந்த படத்தையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன், தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஏப்ரலில் பனி உருகியதும் இங்கே பலர் இரும்பு வாங்கக் கிளம்பிவிடுவார்கள். அதற்கு முந்தைய ஞாயிறு வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
கரூர்க்கார வாசகர் ஒருவர்
கிராண்ட் ராபிட்ஸ், மிச்சிகன்